மேல்வரிசைப் பல் தெரிய

ஆழ்வார்பேட்டையில் நான் வேலை பார்த்த ஹோட்டலின் லாபியில், தொண்ணூறுகள் முடிவதற்குள் மூன்று படங்கள் மாறின. முதலில் இருந்தது முதலாளியின் அப்பா படம். சந்தன மாலை, சின்னச் சிவப்பு பல்பு, தினமும் காலையில் ஊதுவத்தி. அதைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைக்காரர் படத்தை மாட்டினார்கள். அவருக்கு மாலை கிடையாது, ஆனால் முகத்துக்கு நேராகத் தனி விளக்கு போட்டார்கள். பிறகு அவருடைய கம்பெனியை அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்று விழுங்கியதும், அவரையும் இறக்கிவிட்டு இன்னொரு வெள்ளைக்காரரை ஏற்றினார்கள். மூன்று பேருமே ஏழையாகப் பிறந்து, சின்னதாக ஆரம்பித்து, உழைத்து முன்னுக்கு வந்தவர்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. முதல் ஆளைப் பற்றிச் சொன்னபோது நம்பினேன். மூன்றாவது ஆளுக்கு வந்தபோது, சொல்பவர் வாயைத் திறக்குமுன் மீதிக் கதையை நானே சொல்லியிருப்பேன்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. மறைப்பதற்கில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். வெளியே கிளம்பும்போது அப்பா வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அம்மா வந்து இன்னொரு தடவை இழுப்பாள். தெருமுனை வரை போன பிறகு நான் திரும்பி வந்து ஒரு தடவை இழுத்துவிட்டுப் போவேன். பூட்டு என்னவோ ஒரு தடவைகூட எங்களை ஏமாற்றியதில்லை.

பி.காம் முடித்துவிட்டு அந்த ஹோட்டலில் ரிசப்ஷனில் சேர்ந்தபோது, அப்பாவுக்கு அதை வெளியே சொல்ல நாக்கு எழவில்லை. மாட வீதியில் யாராவது நிறுத்தி, பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "ஒரு ஆபீஸ்ல இருக்கா" என்பார். எந்த ஆபீஸ் என்று கேட்பதற்குள் காய்கறி விலைக்குத் தாவிவிடுவார். ஹோட்டல் என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் மனதில் இரண்டே படம்தான் வரும். ஒன்று, இட்லித் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பது. இன்னொன்றை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வெளிநாட்டுக் கம்பெனி வந்ததும் அப்பாவின் பிரச்சினை தீர்ந்தது. "மல்டி நேஷனல் கம்பெனில இருக்கா" என்று, கேட்காதவர்களிடமும் சொல்ல ஆரம்பித்தார். எதிராளி மரியாதையாகத் தலையாட்டுவார். அந்தக் காலத்தில் அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு மவுசு. ஹோட்டல் என்ற சொல் எங்கள் வீட்டை விட்டே போனது.

கம்பெனி எங்கள் ஹோட்டலை வாங்கிவிட்டதாகத்தான் ஊரில் பேச்சு. வாங்கவில்லை. நிலம் பழைய முதலாளியுடையது, கட்டடம் அவருடையது, தலைவலியும் அவருடையது. கம்பெனி கொடுத்தது ஒரு பெயர்ப்பலகை, தலையணை தண்டிக்கு ஒரு விதிப் புத்தகம், கழுத்துப்பட்டை கட்டிய வடநாட்டு மேனேஜர் ஒருவர். ஒரு செங்கல்கூட வைக்காமல் உலகம் முழுக்க வளர்வதற்கு இப்படி ஒரு வழி இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தபோது, யார் தலையில் யார் மிளகாய் அரைக்கிறார்கள் என்றுதான் முதலில் யோசித்தேன்.

பழைய ஆட்கள் எல்லோருக்கும் புதிதாக ஆறு மாதம் ப்ரொபேஷன் என்றார்கள். அதற்குள் தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு அந்த வேலை வேண்டும். அப்பா ரிடையர் ஆகிவிட்டார் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும்தான் என்னை யாரும் இன்னார் பெண் என்று கூப்பிடவில்லை. கவுன்ட்டர் என்னுடையதாக இருந்தது.

பயிற்சி வகுப்பு கல்யாண ஹாலில் நடந்தது. பம்பாயிலிருந்து வந்த ஒரு பெண்மணி கம்பெனியின் வரலாற்றைச் சொன்னாள். பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரில், ரயில் நிலையத்துக்கு எதிரே, நிறுவனர் தன் வீட்டு மாடி அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டாராம். மனைவி சூப் காய்ச்சுவாராம். ஒருநாள் கூட்டம் தாங்காமல், தன் கட்டிலையே ஒரு பயணிக்குக் கொடுத்துவிட்டுக் கதவோரம் தரையில் படுத்துக்கொண்டாராம். அங்கிருந்து அடுத்த ஊர், அடுத்த நாடு, கடல் தாண்டி வேறு கண்டம். சுவரில் ஒரு உலக வரைபடம் மாட்டி, ஊர் ஊராகச் சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தார்கள். சென்னையில் குத்துவதற்கு ஒரு குண்டூசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"அந்த மனைவி படம் ஏன் லாபியில் இல்லை?" என்று நான் கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அடுத்த பக்கத்தில்தான் எங்களுக்கான சேதி இருந்தது. ஒரே வீடாக இருந்தவரை நிறுவனர் கண்ணில் எல்லாம் பட்டது. பல வீடுகள் ஆனதும், தான் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, வேறு பெயரில், தன் ஹோட்டலிலேயே அறை எடுத்துத் தங்கிப் பார்த்தார். சூப்பில் உப்பு குறைந்தால் சமையல்காரர் அடுத்த நாள் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகும் கம்பெனி அந்தப் பழக்கத்தை விடவில்லை. இப்போது அதற்கென்றே ஆட்கள் உண்டு. சாதாரண விருந்தாளி மாதிரி வருவார்கள், தங்கியோ தங்காமலோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போய் மார்க் போடுவார்கள். நம் ப்ரொபேஷன் முடிவதற்குள் நம்மிடமும் ஒருவர் வருவார். யார், எப்போது என்று மேனேஜருக்கே தெரியாது.

கம்பெனி வளர்ந்த கதை என்று அவள் சொன்னாள். எனக்கு அது ஒரு மனிதரின் சந்தேகம் நாடு நாடாக வளர்ந்த கதையாகக் கேட்டது. அதனாலேயே அந்தக் கிழவரைக் கொஞ்சம் பிடித்தும் போயிற்று.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஹோட்டலில் பெட்டி தூக்கும் அண்ணன். அடையாற்றுக் கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வருபவர். நாற்பது வயதிருக்கும். இரண்டு பெண்களைப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். "நம்ம ராஜாங்க மாறுவேசம் போட்டுக்கினு வருவாங்கல்ல, அது கணக்கா" என்று என் காதில் சொன்னார். "கவலிய வுடும்மா. எவன் வந்தாலும் பொட்டிய நான்தான தூக்கணும்? தூக்கினா தெரிஞ்சிரும்."

மார்க்கில் பாதி சிரிப்புக்கு. விருந்தாளி வாசலில் கால் வைத்ததும் கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மேல்வரிசைப் பல் தெரிய வேண்டும். கீழ்வரிசையும் தெரிந்தால் அது இளிப்பு, மார்க் குறையும். பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அறையைப் பார்க்க விரும்பினால் நாமே கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். நான் கண்ணாடி முன்னால் நின்று மேல்வரிசையை மட்டும் காட்டிப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அந்தக் குண்டைப் போட்டாள்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு வரன். பையன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர். ஜாதகம் பொருந்திவிட்டது. எங்கே வேலை என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா மல்டி நேஷனல் கம்பெனி என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் விடவில்லை. துருவிக் கேட்டுக் கடைசியில் ஹோட்டல் என்று கறந்துவிட்டார்கள். உடனே வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"நேரா வந்து பார்க்கறதுக்கு முன்னாடி யாரையாவது அனுப்பி விசாரிப்பா" என்றாள் அம்மா. "யாரோ மாதிரி வந்து நின்னு பார்த்துட்டுப் போயிடுவா. நீ பாட்டுக்கு எல்லாரைப் பார்த்தும் பல்லைக் காட்டிண்டு நிக்காதே. தலையைக் குனிஞ்சுண்டு, கேட்டதுக்குப் பதில் சொல்லு. போறும்."

அம்மா சொன்னதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் அது காலம்காலமாக நடப்பது. பெண் வேலை பார்க்கும் பேங்குக்குப் போய் ஒரு சலான் கேட்டு நிற்பார்கள். பள்ளிக்கூட வாசலில் குழந்தையைக் கூட்டிப்போக வந்தவர்கள் போல நிற்பார்கள். கோயிலில் பிரதட்சிணம் வரும்போது பின்னாலேயே வருவார்கள். பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும்.

ஆக என்னை வேவு பார்க்க இரண்டு பேர் வரப் போகிறார்கள். ஒருவர் முன்னால் சிரிக்காவிட்டால் வேலை போகும். இன்னொருவர் முன்னால் சிரித்தால் கல்யாணம் போகும். எது போனாலும் வீட்டில் இழவு வீடு மாதிரிதான் இருக்கும். யார் எவர் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து அதற்குத் தகுந்த மூஞ்சியை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஐப்பசியும் கார்த்திகையும் வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் வருபவரின் பெட்டியையும் செருப்பையும்தான் முதலில் பார்த்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் டை கட்டிய ஒருவர் வந்தார். கையில் சூட்கேஸ். அறை எடுக்கவில்லை, சொந்தக்காரர்களுக்காக விசாரிக்கிறேன் என்றார். சட்டைப் பையில் பேனா. தூணை ஒரு தடவை பார்த்தார், தரையை ஒரு தடவை பார்த்தார், என் மார்பில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை நிதானமாகப் படித்தார். பெட்டி அண்ணன் பாய்ந்துபோய்ச் சூட்கேசை வாங்கிக்கொண்டு என் பக்கமாக வந்து, உதட்டை அசைக்காமல் சொன்னார்.

"இவன்தாம்மா. பொட்டில ஒண்ணியும் இல்ல, காத்துதான் கீது. ஊருக்கு வந்தவன் பொட்டி இப்டியா இருக்கும்?"

நான் மேல்வரிசை மொத்தத்தையும் காட்டினேன். பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி அழைத்தேன். அறையைப் பார்க்கலாமா என்றார். கண்டிப்பாக என்று நானே லிஃப்டில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அண்ணன் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். ஜன்னல் திரையை விலக்கி, குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறது என்று சிரித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். "நீ பாஸும்மா" என்றார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் லஸ்ஸில் இறங்கி அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிப் போனேன்.

கம்பெனி ஆள் வந்து போயாயிற்று, இனி வரப் போவது மாம்பலம்தான் என்ற நிலைமையில் மார்கழி பிறந்தது. மார்கழியில் பெண் பார்க்க மாட்டார்களே என்றேன். "பார்க்கத்தான் மாட்டா. விசாரிக்கறதுக்கு மார்கழி என்ன, ஆடி என்ன? தை பொறந்தா பேசணுமோல்லியோ?" என்றாள் அம்மா.

சங்கீத சீசன் களைகட்டியிருந்த நாளில் ஒரு மாமி வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல். அரக்குப் பட்டுப் புடவை, இரண்டு மூக்கிலும் வைரம், கையில் கூஜா. பெங்களூரிலிருந்து கச்சேரி கேட்க வந்திருப்பதாகச் சொல்லி அறை எடுத்தாள். பையனுக்கு பெங்களூரில் ஒரு அத்தை உண்டு என்று தரகர் சொல்லியிருந்தது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அண்ணனைப் பார்த்தேன். அவர் பெட்டியை மேலே வைத்துவிட்டு வந்து, "நல்ல கனம்மா. பொடவையா அடுக்கிக்கினு வந்துகீது" என்றார். அத்தோடு நிற்காமல் காபி ஷாப்பில் இருந்தவர்களிடமும் சொன்னார். "கம்பெனி ஆளு எங்கனா ரெண்டு மூக்குத்தி போட்டுக்கினு வருமா? எய்தி வெச்சிக்க. இது கம்பெனி ஆளு இல்ல."

வெள்ளைக்காரர் கம்பெனி வைர மூக்குத்தி போட்ட மாமியை அனுப்பும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவ்வளவு சந்தேகப்பட்ட எனக்கே தோன்றவில்லை.

நான் அம்மா சொன்னபடி நடந்தேன். "குட் மார்னிங், வெல்கம்" எல்லாம் இல்லை. "வாங்கோ மாமி" என்றேன். பல்லைக் காட்டவில்லை. கண்ணையும் பார்க்கவில்லை. சாவியைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமி சும்மா இருக்கவில்லை. கச்சேரிக்குப் போகும்போது ஒரு கேள்வி, வரும்போது ஒரு கேள்வி. எந்தத் தெருவில் வீடு? அப்பா என்ன செய்தார்? ராத்திரி ட்யூட்டியும் போடுவார்களா? எப்படி வீட்டுக்குப் போவாய்? திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தாள். காபியைக் கூஜாவில் ஊற்றி முகர்ந்து பார்த்தாள். மறுநாள் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"இந்த வேலை நோக்குப் பிடிச்சிருக்கா? இன்னும் எத்தனை நாள் இதுல இருக்கறதா உத்தேசம்?"

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. நான் பாட்டுக்கு என் கவுன்ட்டரில் நிற்கிறேன். என்னைக் கேட்காமல் என்னை எடைபோட வந்துவிட்டு, நான் வேலையை எப்போது விடுவேன் என்று என்னிடமே கேட்கிறாள்.

"மாமி, நீங்க யார்னு நேக்குத் தெரியும்" என்றேன். "எதுக்கு வந்திருக்கேள்னும் தெரியும்."

மாமியின் முழங்கை கவுன்ட்டரிலிருந்து சட்டென்று எழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. "யார் சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லலை. நீங்க கேக்கற கேள்வியே சொல்றது. இந்த வேலையை நான் விடறதா இல்லை. ராத்திரி ட்யூட்டி உண்டு. ஆம்பளைகளோட பேசணும், அவாளைப் பார்த்துச் சிரிக்கணும், ரூமைக் காட்டணும். அதெல்லாம் இந்த வேலைல சேர்ந்தது. அதுல ஒரு தப்பும் இல்லை. அமெரிக்காலேர்ந்து யார் வந்தாலும் சரி, நான் இங்கேதான் நிப்பேன். போய் அப்படியே சொல்லிடுங்கோ."

மாமி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வெளுத்த முகத்தில் மெதுவாக ரத்தம் திரும்பியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. "சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கணக்கை முடித்துக்கொண்டு சாயங்காலமே கிளம்பிவிட்டாள். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. வரன் ஒழிந்தது, வேலை இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

போகிக்கு முந்தின நாள் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பெட்டி அண்ணன் ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கம்பெனியின் ரகசிய விருந்தாளியிடம், நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னாயா, என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டதும், அந்த மூக்குத்தி மாமியா என்று கேட்டேன். அவர் தொடர்ந்தார். கம்பெனி இத்தனை தேசங்களில் வளர்ந்ததே இந்த ஒரு ரகசியத்தால்தான். அது எங்கிருந்து கசிந்தது? யார் உனக்குச் சொன்னது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் இவன். பெட்டியில் கட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு உன்னிடம் சொன்னானா? சொன்னவனை வேலையை விட்டு அனுப்பியாக வேண்டும். கேட்டுக்கொண்ட நீயும் இங்கே இருக்க முடியாது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. எனக்காக வந்ததா அவருக்காக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நடந்ததைச் சொன்னேன். அந்த மாமியை நான் பையன் வீட்டுக்காரி என்று நினைத்தேன் என்றேன். மேனேஜருக்குப் புரியவில்லை. எங்கள் வழக்கத்தை விளக்கினேன். பேங்கு சலானைச் சொன்னேன், கோயில் பிரதட்சிணத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் புருவம் மேலே ஏறிக்கொண்டே போயிற்று. "பெண்ணைப் பார்ப்பதற்காக அறை எடுத்து ஒரு ராத்திரி தங்குவார்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாம்பலத்துக்காரர்கள் வாடகை கொடுத்துப் பெண்ணை விசாரிக்க மாட்டார்கள் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு சிக்கலான பொய்யை இதுவரை நான் கேட்டதில்லை என்றார் மேனேஜர்.

அண்ணனைக் காப்பாற்றியது அவருடைய வாய்தான். காபி ஷாப்பிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அந்த அம்மா கம்பெனி ஆள் இல்லவே இல்லை என்று இவர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார், ரகசியம் தெரிந்தவன் அப்படியா சொல்லிக்கொண்டு திரிவான், என்று சமையற்கட்டு மாஸ்டர் கேட்டார். கடைசியில் மேனேஜர் பம்பாய் ஆபீசுக்கு எஸ்.டி.டி. போட்டு, அந்த மாமியையே போனுக்குக் கூப்பிடச் சொன்னார். இவர் கேட்க, அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னாள். மேனேஜரின் புருவம் ஒருவழியாகக் கீழே இறங்கியது. போனை என்னிடம் நீட்டினார்.

"பாதிப் பேச்சிலேயே புரிஞ்சுடுத்துடி, நீ என்னை யார்னு நெனைச்சுண்டிருக்கேன்னு" என்றாள் மாமி. "கண்டுபிடிச்சாளான்னு ஃபாரத்துல ஒரு கேள்வி உண்டு. ஆமான்னு எழுதினேன், அது இப்படிப் போய் நிக்கும்னு நெனைக்கலை. என் தம்பிக்காக நானும் ஒரு பேங்க்ல க்யூல நின்னவதான். அந்தப் பொண்ணு சத்தமாப் பேசறதுன்னு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவ என்னைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டிருந்தா நன்னா இருந்திருக்கும்."

பிறகு என் மார்க்குக்கு வந்தாள். "நீ சிரிக்கலைன்னு எழுதியிருக்கேன். அது நெஜம். வேலையை விடமாட்டேன்னு என்னோட சண்டைக்கு வந்ததையும் எழுதியிருக்கேன். அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு வேணும்னாலும் மார்க் போடலாம்."

எங்கள் இரண்டு பேர் வேலையும் நிரந்தரமானது. கூடவே என்னை மட்டும் சிரிப்பு வகுப்புக்கு மறுபடியும் அனுப்பினார்கள்.

தை பிறந்த அந்த வாரமே மாம்பலத்திலிருந்து பதில் வந்தது. பையனின் சித்தப்பா ஐப்பசியிலேயே டை கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனாராம். "பொண்ணு எல்லார்கிட்டயும் பல்லைக் காட்டறா. முன்ன பின்ன தெரியாத ஆம்பளையோட தனியா லிஃப்ட்ல ஏறி ரூமுக்கு வரா" என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு தீர்ப்பு. கம்பெனி சொன்னது, நான் சிரிப்பதில்லை. மாம்பலம் சொன்னது, நான் அதிகம் சிரிக்கிறேன்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். லிஃப்டில் தனியாகப் போனேனாம். நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அந்த ஆளின் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் அவருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றார். டை கட்டிய அந்த மனிதர் கண்ணில் பெட்டி பட்டிருக்கிறது, லிஃப்ட் பட்டிருக்கிறது, என் பற்கள் பட்டிருக்கின்றன. தூக்கியவர் ஆளாகவே படவில்லை.

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இந்தப் பேச்சு நாலு பேர் காதுல விழறதுக்குள்ள வேலையை விட்டுடச் சொல்லுங்கோன்னா" என்று அப்பாவிடம் அழுதாள். அப்பா பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவர் விடு என்று சொல்லிவிட்டால் என்னால் மாட்டேன் என்று நிற்க முடியுமா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அந்த மாமியிடம் பேசிய வீரமெல்லாம் அப்பாவிடம் செல்லாது.

அடுத்த நாள் சாயங்காலம் அண்ணன் கவுன்ட்டர் பக்கம் ஒதுங்கினார்.

"அந்தத் தூணாண்ட ஒர்த்தர் பேப்பர வெச்சிக்கினு குந்திக்கினு கீறார், பாத்தியா? வந்ததுலேர்ந்து பக்கத்தத் திருப்பவே இல்ல. கண்ணு மொத்தம் இங்கதான். வேணா பாரு, இவுரு கம்பெனி ஆளு."

எட்டிப் பார்த்தேன். பேப்பருக்குக் கீழே தெரிந்த செருப்பும், நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த குடையும் எங்கள் வீட்டுடையவை.

"அது எங்கப்பா" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்போ கரீட்டாத்தான் சொல்லிகிறேன். பாக்க வந்தவருதான?" என்றார்.

எந்த மூஞ்சியை வைத்துக்கொள்வது என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. அதற்குள் வாசல் கதவு திறந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு வியாபாரிகள், இரண்டு பேருமே ஆண்கள். அப்பாவின் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது. நான் நிமிர்ந்து, அவர்கள் கண்ணைப் பார்த்து, மேல்வரிசைப் பல் தெரியச் சிரித்தேன். பெயர் சொல்லி அழைத்தேன். அறையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்பாவைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனேன். அண்ணன் அன்று வேண்டுமென்றே பெட்டிகளை உயரத் தூக்கிக்கொண்டு, இருமிக்கொண்டே வந்தார்.

கீழே திரும்பி வந்தபோதும் அப்பா அங்கேதான் இருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். எல்லோரிடமும் சிரிக்கும் அதே சிரிப்பைச் சிரித்தேன்.

"குட் ஈவினிங் சார். காபி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். லாபியை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். நிறுவனர் படத்தையும், அதற்கு மேலே எரிந்த விளக்கையும் பார்த்தார். பிறகு என் பெயர்ப் பட்டையை, முதல்முறை படிப்பவர் போல, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"சக்கரை கம்மியா" என்றார்.

காபியைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றும் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. மறுநாளும் இல்லை. பூகம்பத்துக்கு முந்தின அமைதியோ என்று நான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகர் போன் செய்தார். நங்கநல்லூரில் வேறொரு வரனாம். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம், பெண் என்ன செய்கிறாள் என்று எழுதிக்கொள்வது என்று கேட்டிருக்க வேண்டும். மல்டி நேஷனல் வரப் போகிறது என்று காத்திருந்தேன்.

"ஹோட்டல்ல வேலை பார்க்கறா" என்றார் அப்பா. "ஆழ்வார்பேட்டைல. வர்றவாளைச் சிரிச்சுண்டு வரவேற்கற வேலை. யாராவது ஒளிஞ்சுண்டு வந்து பார்க்கறதா இருந்தா அந்த சிரமமே வேண்டாம்னு சொல்லிடும். நேரா வரச் சொல்லும். காபி நன்னா இருக்கும்."

அம்மா சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.